காரைத் தின்னும் துரு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் நீங்கள் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? படப்பையைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும் காட்சி மாறிவிடும். ஒரகடத்தை நெருங்க நெருங்க, வயல்களுக்குப் பதிலாக நீண்ட நீண்ட கூரைகள் தெரியும். புத்தம்புது வண்டிகளை அடுக்கடுக்காக ஏற்றிய லாரிகள் எதிரே வரும். ரெனோ - நிசான் கார் தொழிற்சாலை இங்கே 2010இல் தொடங்கப்பட்டது. டெய்ம்லர் நிறுவனத்தின் லாரிகள் 2012 முதலும், ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் 2013 முதலும் ஒரகடத்தில் உருவாகின்றன. அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர். அதற்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹுண்டாய் கார்கள் தயாராகி வருகின்றன.

இவை எல்லாவற்றுக்கும் வெகு காலம் முன்பே, இதே சாலையின் கிழக்கு முனையில், வண்டலூரை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அதன் பெயர் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1961ஆம் ஆண்டு முதல் அங்கிருந்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்னும் அழகான சிறிய கார் வெளிவந்தது. உங்கள் தாத்தாவைக் கேட்டால் உடனே முகம் மலர்ந்து சொல்வார். அன்றைக்கு அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு என்ற மூன்று கார்களில்தான் நம் நாடே ஓடிக் கொண்டிருந்தது. 1980களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் அங்கே பிறந்த ஹெரால்டுகள் சில, இன்னும் ஏதேனும் ஒரு மாட்டுக் கொட்டகையிலோ வீட்டுப் பின்புறத்துக் கீற்றுக் கொட்டகையிலோ தார்ப்பாய் போர்த்தியபடி நிற்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்து, மறுபடியும் சாலையில் ஓட விடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் மாமா வீட்டில் அப்படி ஒரு கார் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். "வாடா தம்பி, இதை ஓட வைப்போம்" என்று அவர் கூப்பிடுகிறார். எங்கே தொடங்குவீர்கள்? பெரும்பாலோர் பானட்டைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பார்கள். எஞ்சின் ஒரு சிக்கலே அல்ல. அதைக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, பூட்டிவிடலாம். உதிரிப் பாகம் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் லேத்துப் பட்டறையில் கடைந்து கொள்ளலாம். ஒரு பழைய காரைச் சாகடிப்பது எஞ்சின் அல்ல, துரு. காரைச் சீரமைப்பது என்பது முக்கால்வாசி துருவோடு மல்லுக்கட்டுவதுதான். அந்தத் துரு எங்கே ஒளிந்திருக்கும், அதை எப்படி விரட்டுவது, ஒரகடத்துப் புதிய கார்கள் அதிலிருந்து எப்படித் தப்புகின்றன என்று பார்ப்போம்.

முதலில் ஹெரால்டைப் பற்றி இன்னும் சிறிது. இங்கிலாந்தில் 1959இல் அறிமுகமான 'ட்ரையம்ஃப் ஹெரால்டு'தான் இதன் மூலம். வடிவமைத்தவர் ஜொவான்னி மிக்கலோட்டி என்ற இத்தாலியர். அக்காலத்தில் மற்ற சிறு கார்கள் எல்லாம் சேஸிஸ் இல்லாமல், உடலே எலும்புக்கூடாகவும் அமையும் ஒற்றைக் கூடு முறைக்கு மாறிக் கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறைப்படி தனியான சேஸிஸ் மீது அமைந்தது. காரணம் பொறியியல் அல்ல, வியாபாரம்! அந்த நிறுவனத்துக்கு உடல் செய்து கொடுத்து வந்த தொழிற்சாலையைப் போட்டி நிறுவனம் 1953இல் வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல், முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி என்று தனித்தனியாகச் செய்து போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். அன்றைய அந்த நெருக்கடி இன்றைய பொழுதுபோக்குக்காரர்களுக்கு நல்ல வரமாகிவிட்டது. ஸ்பானர் இருந்தால் போதும், ஹெரால்டைப் பலகாரத் தட்டு மாதிரி அடுக்கடுக்காகப் பிரித்துவிடலாம். பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னால் சாயும். அப்போது எஞ்சினைச் சுற்றி நாலு பேர் தாராளமாக நிற்கலாம்.

துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் நீரும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரி உங்களைத் தவறான இடத்தில் தேடச் செய்துவிடும். "காற்று அதிகம் படும் இடத்தில் துரு அதிகம் இருக்கும்" என்றுதானே நினைப்பீர்கள்? நடப்பது அதற்கு நேர்மாறு.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய ஓர் இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்பு நீரை வையுங்கள். அசையாமல் ஒரு மணி, இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். சொட்டின் விளிம்பு காற்றுக்கு அருகில் இருக்கிறது. அங்கே ஆக்ஸிஜன் எளிதில் கிடைக்கும். சொட்டின் நடுப்பகுதிக்கு ஆக்ஸிஜன் அவ்வளவாக எட்டாது. பிறகு சொட்டைத் துடைத்துப் பாருங்கள். அரிப்பு நடுவில்தான் இருக்கும்! விளிம்பு பெரும்பாலும் தப்பியிருக்கும். இரண்டுக்கும் இடையில் ஒரு வளையமாகத் துரு படிந்திருக்கும். யூ. ஆர். எவான்ஸ் என்ற ஆங்கில அறிஞர் இந்தச் சொட்டை வைத்துத்தான் துருவின் மர்மத்தை விளக்கினார்.

துரு பிடிப்பது ஒரு மின்சார நிகழ்ச்சி. ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் இரும்பு அணு தன் எலக்ட்ரான்களில் இரண்டை விட்டுவிட்டு, அயனியாகி நீரில் கரைந்துவிடுகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓடி, ஆக்ஸிஜன் மிகுந்த விளிம்புக்குப் போகின்றன. அங்கே ஆக்ஸிஜனும் நீரும் அவற்றை வாங்கிக் கொண்டு ஹைட்ராக்ஸைடு அயனிகளாகின்றன. கரைந்த இரும்பும் ஹைட்ராக்ஸைடும் நடு வழியில் சந்திக்கும் இடத்தில் உண்டாவதுதான் துரு. ஒரு சொட்டு நீர் ஒரு குட்டி பேட்டரி! உப்பு எதற்கு என்று கேட்பீர்கள். நீரில் அயனிகள் எளிதாக நடமாட உப்பு உதவுகிறது. சென்னைக் கடற்கரையோர வீடுகளில் ஜன்னல் கம்பி சீக்கிரம் கெட்டுப் போவது இதனால்தான்.

இப்போது காருக்கு வாருங்கள். ஆக்ஸிஜன் குறைந்த, ஈரம் தங்குகிற இடங்கள் எவை? கதவின் அடிப்பகுதிக்குள், கண்ணாடி வழியே இறங்கிய மழைநீர் வடியச் சிறு துளைகள் உண்டு. தூசியும் சருகும் அவற்றை அடைத்திருக்கும். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கும் விளிம்புகள், தரை விரிப்புக்கு அடியில் உள்ள தகடு, மட்கார்டின் உள்வளைவில் சேறு அப்பிய மூலைகள், டிக்கியில் ஸ்டெப்னிச் சக்கரம் உட்காரும் பள்ளம் - இவையெல்லாம் சொட்டின் நடுப்பகுதிகள். ஹெரால்டில் இன்னொன்று உண்டு. சேஸிஸின் நடு முதுகெலும்பிலிருந்து இரு பக்கமும் கைகள் போல நீளும் சட்டங்கள். இவைதாம் உடலைத் தாங்குகின்றன. இவை உள்ளீடற்ற பெட்டிகள். துரு இவற்றை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் மினுமினுவென்று இருக்கும்!

ஆகவே பழைய காரைப் பார்க்கும்போது கண்ணை நம்பாதீர்கள், காதை நம்புங்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிக் கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டிங்' என்று ஒலிக்கும். அரித்த தகடு 'டொக்' என்று மழுப்பும். ஒரு சிறிய காந்தத்தையும் கையில் வைத்துக் கொள்ளுங்கள். பழைய டிங்கர்கள் ஓட்டையை மறைக்கப் பட்டி போட்டு, தேய்த்து, மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். பட்டியில் காந்தம் ஒட்டாது.

சேஸிஸ் தகட்டின் தடிமன் குறைவதை அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. ஒரு தட்டையான தகட்டின் தடிமன் பாதியானால், அது வளைவை எதிர்க்கும் திறன் பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. தடிமனின் மும்மடிக்கு ஏற்ப அத்திறன் மாறுவதே காரணம். பெட்டியாக மடித்த சட்டத்தில் இழப்பு இவ்வளவு பெரிதாக இராது. என்றாலும் அரிப்பு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. ஓரிடத்தில் பொத்தல் விழுந்தால் அங்கேதான் விரிசலும் தொடங்கும். ஓடும் காரில் நம் உட்காரும் இடத்துக்கு அடியில் இது நிகழ்வதை நினைத்துப் பாருங்கள். சேஸிஸில் துரு தின்ற பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிமனுள்ள புதுத் தகட்டை வெல்டிங் செய்வதுதான் வழி. இது தேர்ந்த வெல்டருடைய வேலை. நமது வேலை அல்ல.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. இரும்புத் தாங்கிகளைச் சேஸிஸின் நல்ல பகுதிக்குக் கீழே நிறுத்தி, காரை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெரியவர்களே உள்ளே போக வேண்டும். செங்கல் அடுக்குவது தற்கொலைக்குச் சமம்.

இறுகிய போல்ட்டு

பிரிக்கத் தொடங்கியதும் முதல் வழக்கு வரும்: போல்ட்டு கழலாது. துரு, தான் பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக் கொள்ளும். போல்ட்டின் மரைக்கும் நட்டின் மரைக்கும் இடையே அது ஆப்பு அடித்தாற்போல் இறுகியிருக்கும். பலத்தைக் காட்டினால் போல்ட்டின் தலை முறியும். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். அதற்கும் மசியாவிட்டால், மெக்கானிக் நட்டை மட்டும் தீயால் சூடாக்குவார். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா? எஃகு ஒரு டிகிரி சூட்டுக்குத் தன் நீளத்தில் 0.000012 பங்கு விரியும். 10 மி.மீ. துளையுள்ள நட்டை 250 டிகிரி சூடேற்றினால், துளையின் விட்டம் 0.03 மி.மீ. கூடும். ஒரு தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை! ஆனால் துருவின் பிடி நொறுங்க அதுவே போதும். போல்ட்டும் சேர்ந்து சூடாகிவிட்டால் பயனில்லை என்பதையும் இதிலிருந்து நீங்களே ஊகித்துக் கொள்ளலாம். பெட்ரோல் டாங்கிக்கோ பெட்ரோல் குழாய்க்கோ அருகில் தீயைக் கொண்டு போவதற்கில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாளிக்குள் ஒரு சோதனைச்சாலை

கழற்றிய சிறு பாகங்களின் துருவை எப்படி நீக்குவது? உப்புத்தாளால் தேய்க்கலாம். ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கும் வாய்ப்பு உண்டு. அதை உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூள் மூச்சோடு உள்ளே போகும். நனைத்துத் தேய்ப்பதே நல்லது. அதைவிட நேர்த்தியான வழி மின்பகுப்பு. நீங்கள் பாடமாகப் படித்த அதே மின்பகுப்புத்தான்.

ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய நீர் எடுத்து, ஒரு கைப்பிடி சலவைச் சோடாவைக் கரையுங்கள். துருப்பிடித்த பாகத்தைக் கம்பியில் கட்டி நடுவில் தொங்கவிடுங்கள். வாளியின் ஓரத்தில், பாகத்தைத் தொடாதபடி, ஓர் இரும்புத் துண்டை வையுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பாகத்துக்கும், நேர்முனையை இரும்புத் துண்டுக்கும் இணையுங்கள். இணைப்புகள் எல்லாம் முடிந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது சுவிட்சை அணைத்துவிட்டே கை வைக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்கட்டும்.

சில நிமிடங்களில் பாகத்தின் மேல் சிறு சிறு குமிழிகள் எழும். சில மணி நேரம் கழித்து எடுத்தால், செந்நிறத் துருவுக்குப் பதிலாக ஒரு கருமையான பூச்சு இருக்கும். பிரஷ்ஷால் தேய்த்தால் அது உதிர்ந்துவிடும். அடியில் நல்ல இரும்பு! அமிலத்தில் போட்டால் துருவோடு இரும்பும் கரையும். இங்கே இரும்புக்குச் சேதம் இல்லை. என்ன காரணம்? எலக்ட்ரானை இழப்பதால்தானே இரும்பு துருவாகிறது? நாம் சார்ஜர் வழியாக எலக்ட்ரான்களை அதற்குள் பாய்ச்சுகிறோம். கொடுக்க வேண்டிய கட்டாயம் இரும்புக்கு இல்லாமல் போகிறது. துருவின் ஒரு பகுதி எலக்ட்ரானைப் பெற்று மாறிவிடுகிறது. முனைகளை மாற்றி இணைத்துவிட்டால்? உங்கள் அருமையான பாகம் கரைந்து, அந்த ஓட்டை இரும்புத் துண்டு சுத்தமாகும்!

குமிழிகள் என்ன என்று கேட்கவில்லையே? பாகத்தின் மேல் எழுவது ஹைட்ரஜன். எவ்வளவு உண்டாகும்? 5 ஆம்பியர் மின்சாரம் 4 மணி நேரம் ஓடினால் மொத்த மின்னூட்டம் 72,000 கூலும். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம் ஏறக்குறைய 96,500 கூலும். ஆகவே ஓடியது 0.746 மோல் எலக்ட்ரான். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான் வேண்டும். மின்சாரம் முழுவதும் இதற்கே செலவானால் 0.373 மோல் ஹைட்ரஜன்; சாதாரண வெப்பநிலையில் சுமார் 9 லிட்டர்! மூடிய அறைக்குள் இது தேங்கி, ஒரு தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதனால்தான் இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

சலவைச் சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரக்கூடும், வேண்டாம். நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியை மாட்டும் ஆசையும் வேண்டாம். அதிலுள்ள குரோமியம் கொடிய நச்சுச் சேர்மமாக நீரில் இறங்கும். ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட்டு ஆகியவற்றை இந்த வாளியில் போடக் கூடாது. ஹைட்ரஜன் அணுக்கள் கடின எஃகுக்குள் நுழைந்து அதை மொறமொறப்பாக்கிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது; பாரம் ஏறும்போது திடீரென்று முறியும்.

வாளியில் அடங்காத பெரிய தகடுகளுக்குத் துருமாற்றி என்னும் திரவம் கடையில் கிடைக்கிறது. அவற்றில் சில வகைகளில் டானிக் அமிலம் இருக்கும். அது துருவோடு சேர்ந்து, நீரில் கரையாத கருநிறப் பொருளாகிப் படியும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை காய்ச்சினார்கள் அல்லவா? கடுக்காயின் டானினும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்த கறுப்புத்தான் அந்த மை. துருமாற்றி பூசிய தகடு கறுப்பதும் அதே ரசாயனந்தான்.

ஒரகடத்தின் பெரிய வாளி

சுத்தம் செய்த இரும்பை ஈரக் காற்றில் விட்டால் ஒரே நாளில் மறுபடி செம்பூச்சு ஏறும். நன்றாக உலர்த்தி, உடனே பிரைமர் அடிக்க வேண்டும். துத்தநாகம் மிகுந்த பிரைமர் நல்லது. இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் எலக்ட்ரானைக் கொடுக்கும். பெயின்ட்டில் கீறல் விழுந்தாலும் முதலில் தான் அழிந்து இரும்பைக் காக்கும்.

ஆனால் ஸ்பிரே துப்பாக்கியால் அடிக்கும் பிரைமர் அந்த உள்ளீடற்ற சட்டங்களுக்குள் போகுமா? மடிப்புகளுக்குள் போகுமா? போகாது. எது ஆபத்தான இடமோ அங்கேதான் போகாது. ஹெரால்டு பிறந்த காலத்தில் உலகத்தின் எல்லாக் கார் தொழிற்சாலைகளுக்கும் இது பெரிய தலைவலியாக இருந்தது.

விடை கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ப்ரூவர். நீரில் கலந்த பெயின்ட் நிறைந்த ஒரு பெரிய தொட்டிக்குள் கார் உடலையே முழுக்கி, மின்சாரம் பாய்ச்சி, பெயின்ட்டை உடலின் மேல் படிய வைக்கும் முறையை அவர் உருவாக்கினார். 1960களில் இது நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் கார் உடலை நேர்மின்வாயாக இணைத்தார்கள். நம் வாளியில் முனை மாறினால் என்ன ஆகும் என்று பார்த்தோமே, அதுவே சிறிய அளவில் அங்கும் நடந்தது. உடலிலிருந்து கொஞ்சம் இரும்பு கரைந்து பெயின்ட்டோடு கலந்தது. 1970களின் நடுவில், உடலை எதிர்மின்வாயாக்கிப் பூசக்கூடிய பெயின்ட் வகைகள் வந்தன. துருத் தடுப்பு பல மடங்கு உயர்ந்தது.

இன்றைய கார் தொழிற்சாலைகளில் நடப்பது இதுதான். வெல்டிங் முடிந்த உடலை முதலில் எண்ணெய்ப் பசை போகக் கழுவுகிறார்கள். பிறகு துத்தநாக பாஸ்பேட் பூச்சு. அதன்பின் பெயின்ட் தொட்டியில் முழுக்கு. 200, 300 வோல்ட் அளவில் மின்சாரம். சில நிமிடங்களில் சுமார் 20 மைக்ரான் தடிமனுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குப் பெயின்ட் படிந்துவிடும். இதில் ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. பெயின்ட் படிந்த இடம் மின்சாரத்தைத் தடுக்கும். ஆகவே மின்சாரம் இன்னும் பெயின்ட் படியாத இடத்தைத் தேடிக் கொண்டு மடிப்புக்கும் மூலைக்கும் பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்கும் தானே போகிறது. எந்தப் பெயின்டரின் கையும் எட்டாத இடத்தை மின்சாரம் எட்டுகிறது! பிறகு 160, 180 டிகிரிச் சூட்டில் அடுப்பில் வாட்டி இறுக்குகிறார்கள். இப்படிப் பூசிய தகடுகளை 35 டிகிரிச் சூட்டில் உப்பு நீர்ப் பனிமூட்டம் நிறைந்த பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான மணி நேரம் வைத்துச் சோதிப்பதும் உண்டு.

அவ்வளவு பெரிய தொட்டி உங்கள் மாமா வீட்டில் இல்லை. அதற்கு மாற்று, மெழுகு கலந்த எண்ணெய். நீண்ட மெல்லிய குழாயின் நுனியில் பொருத்திய தெளிப்பானைச் சட்டத்தின் துளைக்குள் விட்டு, உள்ளே எல்லாப் பக்கமும் தெளிக்க வேண்டும். அது மடிப்புகளுக்குள் ஊர்ந்து சென்று ஈரத்தைத் தள்ளி வைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபடி தெளிக்க வேண்டும். கதவின் வடிதுளைகளைக் குத்தித் திறந்துவிட மறக்காதீர்கள். செலவே இல்லாத இந்தக் காரியம் ஆயிரம் ரூபாய்ப் பெயின்ட்டைவிட மேலானது என்பேன். மேல் பெயின்ட்டை மட்டும் பெயின்டரிடம் விட்டுவிடலாம். இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் இக்கால பெயின்ட்டின் புகை, தகுந்த முகமூடி இல்லாதவரின் நுரையீரலைக் கெடுக்கும்.

பிரேக்கிலும் பெட்ரோலிலும்

துரு தகட்டோடு நிற்பதில்லை. பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கொள்ளும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில் கொதிக்கும். 3, 4 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். பாஸ்கல் விதிப்படி திரவம் அழுத்தத்தை அப்படியே கடத்தும். ஆவி கடத்தாது, அமுங்கிப் போகும். இறக்கத்தில் பிரேக் சூடேறி உள்ளே ஆவி உண்டானால் மிதி அடிவரை போகும், கார் நிற்காது. அதே நீர், வீல் சிலிண்டருக்குள் துருவையும் உண்டாக்கி ரப்பர் வாஷர்களைக் கிழிக்கும். நீண்ட நாள் நின்ற காரில் பிரேக் ஆயில், ரப்பர் வாஷர், ஹோஸ் அனைத்தையும் மாற்றியே தீர வேண்டும். இதில் சிக்கனம் கூடாது. டிரம்மைத் திறந்ததும் உள்ளிருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருந்தது. அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துக் கொல்லும். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும்.

பெட்ரோல் டாங்கியின் உள்ளேயும் துருச் செதில்கள் இருக்கும். அவை கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். டாங்கியைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். ஆனால் அதில் வெல்டிங் வைப்பது விஷப் பரீட்சை. காலி டாங்கி, நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது. காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவி அதில்தான் இருக்கிறது. எரிபொருளும் அன்று போல் இல்லை. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றது; நம் உடல்நலத்துக்கு அது நல்லது. ஆனால் பழைய எஞ்சினின் வார்ப்பிரும்பு வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயமே மெத்தையாக இருந்து வந்தது. எஞ்சினைப் பிரித்தால் கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்திவிடுவது நல்லது. 2025இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலும் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் ஹோஸ்களை ஊதிப் போகச் செய்யும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றிவிட்டு, நிறுத்தி வைக்கும் காரில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

எஞ்சினைப் பற்றி ஒன்றே ஒன்று. ஹெரால்டின் எஞ்சின் 948 சி.சி. சிலிண்டரின் விட்டம் 63 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 76 மி.மீ., சிலிண்டர்கள் நான்கு. உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். விடை சரியாக வரும். பல்லாண்டு நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். எடுத்த எடுப்பில் சாவியைத் திருப்பினால் வளையம் முறியும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊற வைத்து, பிறகு ஸ்பானரால் கையாலேயே மெல்லச் சுற்றிப் பாருங்கள். நான்கு பிஸ்டன்களும் ஒரு முழுச் சுற்று தடையின்றி வந்த பிறகுதான் பேட்டரியை இணைக்க வேண்டும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவில் பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். நம்பர் பிளேட்டில் மாநிலக் குறியீட்டை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் அத்தகைய காரைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் ஓட்டலாம். அன்றாடம் ஆபீசுக்குப் போக முடியாது. எந்தப் பதிவுக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப் போக வேண்டும். துருவைத் தேய்க்கும் வேகத்தில் அந்த எண்களையும் தேய்த்துவிட்டவர்கள் உண்டு. ஆகவே முதல் போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன், உங்கள் மாமாவிடம் சொல்லி, அந்த எண்கள் இருக்கும் இடத்தை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, போட்டோ எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். சுற்றிலும் நாலு விரற்கடை தூரத்துக்கு உப்புத்தாளே படக் கூடாது.